தேறலில் ஊறும் கனிகள்

தமிழில் 'ஊறு' என்னும் வினை உருவிற் சிறியது; பொருளிற் பெரியது. மணற்கேணியில் நீர் ஊறுகிறது. புளியங்காயைக் கண்டால் வாயில் எச்சில் ஊறுகிறது. உழுந்தும் அரிசியும் இரவெல்லாம் நீரில் ஊறுகின்றன. மாங்காய் உப்பில் ஊறி ஊறுகாய் ஆகிறது. உள்ளிருப்பது வெளியே கசிவதும் ஊறுதலே. வெளியிலிருப்பது உள்ளே புகுவதும் ஊறுதலே. இரு திசைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

ஒரு கனியை மதுவில் இட்டு மூடிவைத்தால் நடப்பனவும் இவ்விரண்டுமே. கனியின் சாறு மதுவுக்குள் வருகிறது. மது கனிக்குள் செல்கிறது. ஐரோப்பியர் தம் விருந்துகளில் நெடுங்காலமாகப் பரிமாறிவரும் மதுக்கனிகள் யாவும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறந்தவை. அவற்றுட் பெரும்பாலானவை செய்வதற்கு மிக எளியவை. அடுப்பே வேண்டாதனவும் உண்டு. அந்த எளிமையாலேயே அவை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தங்குவிடுதி விருந்துகளிலும் கிறிஸ்துமஸ் மேசைகளிலும் அலுவலக ஒன்றுகூடல்களிலும் இடம்பெறுகின்றன.

தட்டில் இருப்பது வெறும் பழமா, மது ஏறிய பழமா என்பதைக் கண்ணால் மட்டும் கண்டுகொள்ள இயலாது. 'நன்றாகக் கொதிக்கவைத்தாயிற்று; மதுவெல்லாம் ஆவியாகப் போய்விட்டது' என்று விருந்தளிப்பவர் உறுதி சொல்வதும் உண்டு. அவ்வுறுதி எவ்வளவு மெய்யானது என்பதே இங்கு முதன்மையாக ஆராயத்தக்கது. மதுவைத் தொடாதவருக்கு இச்செய்தி தேவை, தொடுபவருக்கும் தேவை, பரிமாறுபவருக்கோ இருவரினும் மிகுதியாகத் தேவை.

மது என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். அச்சுளிப்புக்குத் தக்க காரணமும் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியது என்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்த எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். இவ்வரலாற்றை மறந்துவிட்டு மதுவைப் பற்றி எழுதுவது பொருந்தாது. ஆனால் வெறுப்பதற்கும் பொருளை அறிந்திருத்தல் வேண்டும். அறியாது வெறுப்பவரே அறியாது உண்டும் விடுகிறார்.

சொற்களைச் சிறிது நோக்குவோம். மது, கள், நறவு, தோப்பி, தேறல் எனப் பழந்தமிழில் இவ்வகைச் சொற்கள் பல. இவற்றுள் தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலேயே ஆக்கப்பட்டது. தேறல் என்பது தேறியது, அதாவது மண்டி கீழே படியத் தெளிந்து நின்றது. 'கலங்கிய நீர் தேறியது', 'மனம் தேறினான்' என்பனவற்றில் வரும் தேறுதலே இது. திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து, மண்டியை அடியில் நிறுத்தி, தெளிவை மட்டும் வடித்தெடுப்பதுதான் ஒயின். ஆகவே ஒயினுக்குத் தேறல் என்பதினும் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. இது வலிந்து பொருத்தியதும் அன்று. யவனர் நல்ல கலங்களிற் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பாட்டும் ஓடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனவே இக்கட்டுரையில் இனி ஒயினைத் தேறல் என்றே வழங்குவோம். 'ஊறல்' என்ற சொல்லை மட்டும் தனியே நிறுத்தாதிருப்பது நலம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'ஊறல் அழிப்பு' என்றால் கள்ளச்சாராயப் பானைகளைக் காவலர் உடைத்தார்கள் என்று பொருள்!

அந்த யவனரின் நாடுகளில் கனியைத் தேறலில் இடும் பழக்கம் தொடக்கத்தில் விருந்துக்காக எழுந்ததன்று. கோடையிற் பழுத்த பழம் குளிர்காலம் வரை கெடாதிருக்கவேண்டும் என்ற தேவையே அதன் தாய். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய உரோமர் கொலுமெல்லா, தம் நூலின் பன்னிரண்டாம் பகுதியில் பேரி முதலிய கனிகளை உலர்திராட்சைத் தேறலிலும் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றிலும் இட்டுக் காக்கும் முறைகளைக் கூறுகிறார். சீனி அவர்கள் கைக்கு எட்டாத காலம் அது. சுண்டிய சாற்றின் இனிப்பும் தேறலின் காரமுமே காவலாயின.

காவல் எவ்வாறு நிகழ்கிறது? இதை விளங்கிக்கொள்ளப் பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பார்த்தாற் போதும். மலைவாழைப்பழத்தோடு நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் தேனும் நெய்யும் ஏலமும் சேர்த்துப் பிசைகிறார்கள். ஒரு துளி நீரும் விடுவதில்லை. ஆயினும் அது குழம்பாக நெகிழ்கிறது. அந்த நெகிழ்ச்சிக்குரிய நீர் பழத்திலிருந்து சர்க்கரை இழுத்த நீர். செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்துக்கு மென்சவ்வின் ஊடாக நீர் நகர்வதைச் சவ்வூடு பரவல் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறும். பழத்தைக் கெடுக்க வரும் நுண்ணுயிர்களின் உடல்நீரையும் சர்க்கரை இவ்வாறே இழுத்துவிடுகிறது. அவை வளர இயலாமற் போகின்றன. பஞ்சாமிர்தம் நாட்பட நிற்பதற்கு இதுவே காரணம்.

தேறலில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. மதுவின் வெறிச்சத்தை மதுசாரம் என்பர். அதன் மூலக்கூறு மிகச் சிறியது. நீரிலும் கரையும், கொழுப்பிலும் ஓரளவு கரையும். ஆதலின் சர்க்கரை வாயிலில் நின்றுவிட, மதுசாரம் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது. போதிய அளவு போனதும் சவ்வே சிதைந்து காவலற்ற கதவாகிவிடுகிறது. அதன்பின் சாறும் நிறமும் மணமும் இருபுறமும் தடையின்றிக் கலக்கின்றன. பழத்தின் மணப்பொருள்கள் பல நீரைவிட மதுசாரத்தில் எளிதிற் கரைவன. தேறலில் ஊறிய பீச்சுப் பழம் வாய்க்குள் போகுமுன்பே மூக்கை எட்டுவது இதனால்தான்.

தோல் மட்டும் இதற்கு உடன்படுவதில்லை. திராட்சையின் மேல் வெண்பொடிபோற் படிந்திருப்பது மெழுகு. முழுத் திராட்சையைத் தேறலில் இட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்துச் சுவைத்தவர், தோல் மேலே மதுவும் உள்ளே பழைய பழமுமாக இருக்கக் கண்டு ஏமாறுவர். ஊசியாற் குத்தவேண்டும், அல்லது இரண்டாக அரியவேண்டும்.

இனி, செய்முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளியது இத்தாலியர் முறை. கோடையில் உணவு முடிந்தபின், நன்கு பழுத்த பீச்சுப் பழத்தைத் தோல் சீவித் துண்டு துண்டாகத் தம் கண்ணாடிக் குவளையிலேயே அரிந்து போட்டு, மேசையில் எஞ்சிய தேறலை அதன்மேல் ஊற்றுவார்கள். வேண்டுமானால் ஒரு கரண்டி சீனி. அரை மணி பேசிக்கொண்டிருந்தால் பழம் ஊறிவிடும். முதலிற் பழத்தை உண்டு, பிறகு பழமணம் ஏறிய தேறலைக் குடிப்பர். சமையல் என்று இதைச் சொல்வதே மிகை.

பிரெஞ்சு நாட்டில், சிறப்பாகச் செந்தேறலுக்குப் பேர்பெற்ற பர்கண்டி, போழலே பகுதிகளில், பேரிக்காயைத் தேறலில் வேகவைக்கும் முறை வழங்குகிறது. இதனைச் சற்று விரிவாகவே கூறலாம். கற்பிப்பவருக்கு இதில் இரண்டு மூன்று பாடங்கள் உள்ளன. ஆறு பேரிக்காய்களைக் காம்பு நீங்காமல் தோல் சீவ வேண்டும். பழம் கெட்டியாக, முழுதும் பழுக்காததாக இருத்தல் நன்று. ஒரு புட்டித் தேறல், அதாவது 750 மில்லிலிட்டர். அதில் 150 முதல் 200 கிராம் சீனி. ஒரு துண்டு இலவங்கப்பட்டை, இரண்டு மூன்று கிராம்பு, ஒரு கீற்று ஆரஞ்சுத் தோல். இவற்றைச் சூடேற்றிச் சீனி கரைந்ததும் பழங்களை இட்டு, கொதி பொங்காமல் சிறு தீயில் 25 அல்லது 30 நிமிடம் வைக்கவேண்டும். கத்தி முனை தடையின்றி இறங்கினால் வெந்தது என்று அறியலாம். உடனே எடுத்துப் பரிமாறுவது பிழை. அந்தச் சாற்றிலேயே குளிரவிட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் பழத்தை எடுத்தபின் சாற்றை மட்டும் பாகாகச் சுண்டவைத்து மேலே ஊற்றுவதே முறை.

ஏன் ஓர் இரவு? வெந்த உடனே பழத்தைக் குறுக்கே அரிந்தால் ஓரத்தில் சிவப்பு வளையமும் நடுவில் வெண்மையும் தெரியும். நிறம் மெல்லத்தான் உள்ளே நடக்கிறது. தேறலின் செந்நிறம் நம் செம்பருத்தியின் நிறம் சேர்ந்த இனத்தது. செம்பருத்திச் சாறு எலுமிச்சையோடு சேர்ந்தால் சிவப்பதையும் சோப்பு நீரோடு சேர்ந்தால் நிறம் மாறுவதையும் வகுப்பறையில் காட்டாத ஆசிரியர் குறைவு. தேறல் புளிப்புடையது, ஆகவே சிவப்பு நிலைக்கிறது. அந்தப் புளிப்பே பழத்தின் சதையைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் விரைவில் கரையாமற் காக்கிறது. வெறும் நீரில் வெந்தாற் குழையக்கூடிய பழம் தேறலில் வெந்து வடிவழகோடு நிற்பதன் மறைபொருள் இதுதான்.

பாத்திரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இரும்புச் சட்டியில் செந்தேறலைக் காய்ச்சினால் சாறு கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை கூட்டினார்கள். தேறலின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அதே வேதியல்தான். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர், கண்ணாடி, பழுதற்ற எனாமல் இவை போதும். உரோமர் செய்த பிழை இதனினும் கொடியது. திராட்சைச் சாற்றைச் சுண்டவைக்கச் செம்பைவிடக் காரீயப் பாத்திரமே ஏற்றது என்று கொலுமெல்லாவே எழுதிவைத்தார். சாற்றின் புளிப்போடு காரீயம் கலந்து இனிப்பான ஓர் உப்பாகிறது, அது நஞ்சு. சுவை கூடியது என்று மகிழ்ந்து உண்டிருப்பார்கள். நம் வீட்டு ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு. 'ஈயம்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு நன்மையும் ஒரு தீமையும் ஒளிந்திருப்பதை மாணவர்க்கு எடுத்துரைக்க இது தக்க இடம். காரீயம் கலந்த பழைய மெருகு பூசிய மண்சாடிகளிலும் மதுக்கனியை ஊறவைத்தலாகாது.

ஜெர்மானியர் சாடி பொறுமையின் சாடி. அதற்கு ரும்தோப்பு என்று பெயர். 'ரம் பானை' என்பது அதன் பொருள். மே, சூன் மாதங்களில் முதலில் வரும் ஸ்ட்ராபெரியைக் கழுவித் துடைத்துச் சீனி கலந்து ஒரு மணி நேரம் வைத்து, பெரிய சாடியில் இட்டு, பழத்துக்கு மேல் ஒரு விரற்கிடை நிற்கும்படி ரம் ஊற்றுவர். பழத்தின் எடையில் பாதி சீனி என்பது பொதுக்கணக்கு. பழம் மிதக்காதபடி மேலே ஒரு சிறு தட்டைக் கவிழ்ப்பர். சூலையில் செர்ரி வரும். அதுவும் சீனியும் ரம்மும் மேலே சேரும். பிறகு பீச்சு, பிளம், பேரி எனப் பருவம் ஒவ்வொன்றும் தன் கனியை அச்சாடியில் அடுக்கிவிட்டுப் போகும். இலையுதிர்காலத்தில் மூடி இருட்டில் வைத்து, கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று திறப்பர். வெளியே பனி, கிண்ணத்தில் போன கோடை.

இங்குத் தேறல் உதவாது, ரம்தான் வேண்டும். திராட்சைத் தேறலில் மதுசாரம் நூற்றுக்கு 11 முதல் 14 வரை. ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் பெரும்பாலும் 15 அளவில்தான் ஓய்கிறது. தேறலில் பழம் நீர் விட்டுக்கொண்டே போனால் காவல் தளர்ந்து மறுபடியும் புளிக்கத் தொடங்கும். ஆகவே ஜெர்மானியர் நூற்றுக்கு 54 அளவுள்ள கடும் ரம்மையே விரும்புவர். ஒரு கிலோ பழம், அரைக் கிலோ சீனி, ஒரு லிட்டர் அத்தகைய ரம் என்று வைத்துக் கணக்கிட்டால், எல்லாம் கலந்து நின்றபின் சாறு முழுவதிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுசாரம் இருக்கும். அதாவது தேறலைப்போல் இரு மடங்கு. சாற்றில் மட்டுமன்று, கனியின் உள்ளும் அதே அளவுதான். 'பழம்தானே' என்று இரண்டு கிண்ணம் உண்டவர் எழுந்து நடக்கும்போதுதான் உண்மையை உணர்வார்.

ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் அணிச்சலுக்கு உலர்திராட்சையை ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைப்பது மணத்துக்காக மட்டும் அன்று. உலர்ந்த பழம் ஈரத்துக்கு ஏங்கி நிற்பது. ஊறவைக்காமல் மாவில் இட்டால் அணிச்சலின் ஈரத்தை உறிஞ்சி அதை வறட்டிவிடும். முன்னதாகவே அதன் தாகத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். கேரளத்துத் தலைச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு என்னும் ரொட்டிக்கடைக்காரர் ஐரோப்பியர் ஒருவர் கேட்டதற்கிணங்க முதற் கிறிஸ்துமஸ் அணிச்சலைச் செய்தபோது, பிராந்திக்குப் பதில் உள்ளூர் மதுவைச் சேர்த்தார் என்று ஒரு மரபு வழங்குகிறது.

அண்மைக் காலத்தில் விருந்துகளில் பரவியிருப்பது சீனித் திராட்சை. விதையற்ற திராட்சை அரைக் கிலோ. ஒவ்வொன்றையும் ஊசியால் இரண்டு மூன்று இடத்திற் குத்தி, அரைப்புட்டி வெண்தேறலில் அல்லது நுரைத்தேறலில் இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, வடித்துத் துடைத்து, சீனியில் புரட்டி உறையவைக்க வேண்டியது. அவ்வளவே. உண்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அரைப்புட்டியில் உள்ள மதுசாரம் சுமார் 40 மில்லிலிட்டர். அதில் பாதிக்கு மேல் பழத்தில் ஏற வழியில்லை. பத்துப் பழம் உண்ணும் வளர்ந்தவருக்கு அது பெரிதன்று. ஆனால் சிலர் தேறலுக்குப் பதில் வோட்கா ஊற்றுகிறார்கள். அப்போது அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். இதனினும் கவலைக்குரியது அதன் தோற்றம். சீனி பூசிய உருண்டை, கிண்ணம் நிறைய, கைக்கெட்டும் உயரத்தில்! குழந்தைக்கு அது மிட்டாய் என்பதில் ஐயமே இராது. பெரியவர் உடம்பில் பொருட்படுத்தத் தகாத அளவு ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பில் அவ்வாறு இருப்பதில்லை.

இனி, கொதிக்கவைத்தால் மது போய்விடும் என்ற உறுதிமொழியை ஆராய்வோம். மதுசாரம் கொதிப்பது 78 பாகை செல்சியசில். நீர் கொதிப்பது 100இல். ஆகவே 78ஐத் தாண்டியதும் மதுசாரம் முழுவதும் ஓடிவிடும் என்பது வாதம். கேட்க நேர்மையாகத் தோன்றும் இவ்வாதம் பிழையானது. இரண்டும் தனித்தனிக் குடத்தில் இருந்தால் அது பொருந்தும். கலந்தபின் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. தேறல் கொதிக்கத் தொடங்குவதே 90 பாகையைக் கடந்தபின்தான். எழும் ஆவியில் மதுசாரமும் உண்டு, நீரும் உண்டு. முதலில் மதுசாரம் மிகுதியாகப் போகும். எஞ்சுவது மெலிய மெலியப் போகும் வேகமும் மெலியும். கடைசித் துளியை விரட்டுவதற்குச் சட்டியே வற்றவேண்டும்.

1992ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மது சேர்த்துச் சமைத்த பல உணவுகளை அளந்து பார்த்தனர். சேர்த்த மதுசாரத்தில் 4 முதல் 85 விழுக்காடு வரை உணவிலேயே தங்கியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணை இதனை விளக்கமாகக் காட்டுகிறது. கொதிக்கும் உணவில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 விழுக்காடு எஞ்சும். விருந்தினர் கைதட்டும்படி மேலே தீ மூட்டி எரித்துக்காட்டினாலும் 75 எஞ்சும். சுடர் அணைவது மது தீர்ந்ததால் அன்று, ஆவி எரியப் போதாமையால். சிறு தீயில் 15 நிமிடம் வெந்தால் 40. அரை மணிக்கு 35. ஒரு மணிக்கு 25. இரண்டு மணிக்கு 10. இரண்டரை மணிக்குப் பின்னும் 5. பாத்திரத்தின் அகலமும் மூடியும் இவ்வளவுகளைக் கூட்டும் குறைக்கும்.

மேற்கண்ட பிரெஞ்சுப் பேரிக்காயை இக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். 750 மில்லிலிட்டர் தேறலில் நூற்றுக்கு 12 என்றால் மதுசாரம் 90 மில்லிலிட்டர். அரை மணி வெந்தபின் எஞ்சுவது ஏறத்தாழ 31. ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஐந்து மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி. பாகைச் சுண்டவைத்தால் இன்னும் சிறிது குறையும். இது மயக்கம் தரும் அளவன்று. இல்லை என்று சொல்லத்தக்க அளவும் அன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விருந்தளிப்பவரின் நேர்மை நிற்கவேண்டியிருக்கிறது.

நம் நாடுகளின் விருந்து பல சமயத்தார் கூடும் விருந்து. இசுலாமியருக்கு இது அளவைப் பற்றிய வினாவே அன்று. மது சேர்த்துச் சமைத்தது என்றாலே அது அவர்க்கு விலக்கு. அவ்வுணவில் இட்ட கரண்டியை மற்றொரு கிண்ணத்தில் இடுவதும் அவர்க்குத் துன்பம் தரும். கருவுற்றிருக்கும் பெண், கல்லீரல் நோயாளி, மதுவோடு சேரக்கூடாத மருந்து உண்பவர் ஆகியோர் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள உரிமையுடையவர். குடியை விட்டொழித்து ஆண்டுகள் பல போராடி நிற்பவரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவருக்கு ஒரு தேக்கரண்டி என்பது பொருளன்று. அந்த மணமும் சுவையுமே பொருள். கேட்டால் சொல்லலாம் என்று வாளாவிருத்தல் போதாது. கேட்கவேண்டும் என்பதே விருந்தினருக்குத் தோன்றாதல்லவா? கிண்ணத்தின் முன் 'இதில் மது உண்டு' என்று ஒரு சீட்டு எழுதி வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தேறற்கூழ் என்று ஆங்கிலேயர் செய்யும் பண்டத்தில் இன்னொரு மறைவும் உண்டு. அதைக் கட்டியாக்குவது ஜெலட்டின். அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மரக்கறி உண்பவர்க்கும் அது ஆகாது. நம் வீடுகளில் புழங்கும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது. இவ்விடர் அதில் இல்லை. வேறொரு நன்மையும் உண்டு: பச்சை அன்னாசியின் நொதி ஜெலட்டினைக் கரைத்து உறையவிடாது செய்துவிடும்; அகார் அகாரை அது ஒன்றும் செய்வதில்லை.

மது வேண்டாதவர் அதே பேரிக்காயை அதே அழகோடு செய்ய வழியில்லையா? உண்டு. தேறல் தருவன புளிப்பு, துவர்ப்பு, நிறம், இனிப்பு, மணம் ஆகியவை. கருந்திராட்சைச் சாறு அரை லிட்டர், பால் சேர்க்காத கடுந்தேயிலை வடிநீர் கால் லிட்டர், ஓர் எலுமிச்சையின் சாறு, அதே பட்டை, கிராம்பு. துவர்ப்பைத் தேயிலை தந்துவிடும். திராட்சைச் சாறே இனிப்பாதலால் சீனியைப் பாதியாகக் குறைக்கலாம். ரோசல் என இங்கு விற்கும் சிவந்த புளிச்சைப் பூவைக் கொதிக்கவைத்து வடித்த நீரும் நிறத்தில் செந்தேறலை ஒத்தது. மதுசாரம் தூக்கிக் கொடுக்கும் மணம் மட்டும் இவற்றில் சற்றுக் குறையும். ஓர் இரவு ஊறவிட்டால் அக்குறையும் பெரிதாகத் தோன்றாது.

கனிகளில், பேரிக்காய் விலை மிகும்போது கெட்டியான கொய்யா அதன் இடத்தை நன்றாகவே நிரப்பும்; கொட்டையை வழித்துவிட்டு வேகவைக்க வேண்டும். அன்னாசி எந்தச் சாற்றையும் ஏற்கும். அரைப்பழுப்பு மாம்பழமும் தகும். வாழை கறுத்துக் குழையும். தர்ப்பூசணி தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டுச் சக்கையாய் நிற்கும். டுரியானை மட்டும் மதுவின் அருகே கொண்டுவரலாகாது என்பது இந்நாட்டுப் பெரியோர் வாக்கு. அதை மூடநம்பிக்கை என்று எள்ளியவரும் உண்டு. 2009இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டுரியான் சாரத்தைச் சோதனைக்குழாயில் ஆய்ந்தனர். மதுசாரத்தை உடல் சிதைக்கும்போது இடையில் தோன்றும் நச்சுப் பொருளை அகற்றும் நொதியின் வேலையை அச்சாரம் 70 விழுக்காடு வரை தடுத்ததாகக் கண்டனர். சோதனைக்குழாய் வேறு, மனித உடல் வேறு. ஆயினும் ரும்தோப்புச் சாடியில் டுரியானை இடத் துணிபவர் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.